படிவத்தில் ஏறாத காது மந்தம்

தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனை லேபில் முப்பது வருடம் டெக்னீஷியனாக இருந்துவிட்டு, போன வருடம் ஓய்வு பெற்றேன். கடைசி மூன்று வருடம் மனநலப் பிரிவின் ஆராய்ச்சி ஒன்றுக்கு ரத்தம் எடுத்துக் கொடுத்தேன். சில வாரம் மனம் உச்சத்தில் பறக்கும், பிறகு பல வாரம் எழ முடியாமல் விழுந்து கிடக்கும் பைபோலார் நோய் பற்றிய ஆராய்ச்சி அது. நம் செல்களுக்குச் சக்தி தயாரித்துக் கொடுப்பது மைட்டோகாண்ட்ரியா. அதில் ஏற்படும் கோளாறுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டா என்று தேடினார்கள். மைட்டோகாண்ட்ரியா தாய் வழியாகவே பிள்ளைக்கு வரும். டிரெயினிங்கில் எனக்கும் இதைச் சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள்.

ஷாஜகானை அவன் அம்மா ஜைத்தூன் பீவி கூத்தாநல்லூரிலிருந்து அழைத்து வந்தார். முப்பது வயது. துபாயில் கடை வேலை பார்த்தவன், நோய் முற்றியதும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று கூட்டம் அதிகம். சென்ட்ரிஃபியூஜ் மெஷினில் வேறு ஒருவரின் ரத்தம் சுற்றிக்கொண்டிருந்தது, நின்றவுடன் எடுத்துப் பிரிக்க வேண்டும். அவசரமாகப் படிவத்தை நிரப்ப ஆரம்பித்தேன்.

“உங்க வீட்ல யாருக்காவது மனநோய் இருக்காம்மா?”

“என்னம்மா கேக்குறீங்க?”

மூன்றாவது தடவை கத்தினேன்.

“கோவிச்சுக்காதீங்கம்மா, எனக்குக் காது மந்தம். சுகர் வந்தப்பவே காதும் போச்சு. என் தங்கச்சிக்கும் அதே மாதிரிதான். இவனும் இப்ப மாடி ஏறுனா கால் நடுங்குதுங்குறான்…”

“அதெல்லாம் வேணாம்மா. மனநோய் இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

“இல்ல” என்றார். ‘இல்லை’ என்று எழுதினேன். வேறு நோய்களுக்குப் படிவத்தில் கட்டமே கிடையாது.

படிவத்தின் நகல் நோயாளியின் ஃபைலிலும் சேரும். அதைப் பார்த்துவிட்டு டாக்டர் வால்புரோயேட் மாத்திரை எழுதினார். பைபோலாருக்கு வழக்கமாகக் கொடுப்பதுதான்.

நான்கு மாதம் கழித்து, வலிப்பு வந்து, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு ஷாஜகான் அட்மிட் ஆனான். பொது மருத்துவப் பிரிவில் இருந்த டாக்டரம்மா, அவன் அம்மாவின் காது மந்தத்தைக் கவனித்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து, அவன் சித்தி வரைக்கும் விசாரித்து, டெஸ்ட்டுக்கு அனுப்பினார். சுகரும் காது மந்தமும் தாய் வழியில் சேர்ந்தே வந்தால், அது மைட்டோகாண்ட்ரியா கோளாறின் அடையாளமாக இருக்கலாமாம். தாய் வழியாக வரும் மைட்டோகாண்ட்ரியா நோய் என்று ரிசல்ட் வந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு வால்புரோயேட் ஆபத்தாகலாம் என்று நிறுத்தினார்கள். உயிர் பிழைத்தான். வலது கை பழையபடி வரவில்லை.

ஃபைலைப் பிரித்துப் பார்த்தேன். என் கையெழுத்து. வார்டுக்குப் போனபோது ஜைத்தூன் பீவி மகனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். அவர் காதருகே குனிந்து, “அன்னைக்கு நீங்க சொன்னத நான் எழுதலம்மா. என் தப்பு” என்றேன்.

கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்தார்.

“நீங்க அவசரத்துல இருந்தீங்க. நானும் விட்டுட்டேன். இன்னும் ரெண்டு தரம் சொல்லியிருக்கணும்.”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பழியில் பாதியைத் தானே எடுத்துக்கொண்டாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

நான் எழுதியிருந்தாலும் டாக்டர் கவனித்திருப்பாரா, தெரியாது. அந்த மாத்திரையால்தான் வலிப்பு வந்ததா, நோயாலேயே வந்ததா என்றும் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. அதன் பிறகு, வந்தவர்கள் சொன்னதை எல்லாம் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். “இதெல்லாம் டேட்டா என்ட்ரியில ஏறாதுங்க” என்று படிவத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர்கள் சலித்துக்கொண்டார்கள். எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இவ்வளவுதான் சொல்வேன். சாம்பிள் கெட்டுப்போனால் இன்னொரு தடவை ரத்தம் எடுத்துக்கொள்ளலாம். சொல்ல வந்தவரைப் பாதியில் நிறுத்தினால், அவர் மறுபடி சொல்ல மாட்டார்.