கீழேயிருந்து வந்த வெளிச்சம்

இதை எழுத எனக்கு இத்தனை வருசம் எடுத்தது. இரண்டு முறை தொடங்கிக் கிழித்துப் போட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன், பிழையாய் எழுதிவிடுவேனோ என்ற பயம் ஒன்று. எழுதினால் நான் செய்ததும் வெளியில் வந்துவிடுமே என்ற பயம் மற்றது. பேய், ஆவி என்று ஆராவது கதைத்தால் எழும்பிப் போகிற ஆள் நான். விடியக் குளித்து, திருநீறு பூசி, பிள்ளையாருக்கு ஒரு பூ வைத்துவிட்டு என்ரை வேலையைப் பார்க்கிறவன். இண்டைக்கும் அப்படித்தான். நீங்கள் நம்பாவிட்டால் நான் கோவிக்கமாட்டேன்.

என் வேலை ஆட்களின் முகத்தைப் படமாய்க் கீறுவது. உரும்பிராயில், வீட்டு முன்னறையில்தான். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக்குப் பிறகு கரண்ட் இல்லை, பிலிமும் வருவதில்லை, ஸ்ரூடியோக்காரர் பூட்டிவிட்டார்கள். செத்தவீட்டுக்குப் படம் வேண்டுமென்றால் செத்தவரின் அடையாள அட்டையோடு சனம் என்னிடம்தான் வரும். அந்தச் சின்னப் படத்தில் முகம் தட்டையாய், தோசை மாதிரிக் கிடக்கும். அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். செத்தவரின் இரத்த உறவு ஒருவரை யன்னலோரம் கதிரையில் இருத்தி, யன்னலின் ஒரு கதவைச் சாத்தி மற்றதைத் திறந்துவிட்டால் ஒரு கன்னம் பளிச்சென்று இருக்கும், மற்றது இருட்டுக்குள் போய்விடும். மூக்கும் தாடையும் ஒரே குடும்பம்தானே. அந்த வெளிச்சம் விழுகிற விதத்தைப் பார்த்துக் கரித்தூளால் படத்துக்கு நிழல் வைப்பேன். பார்த்தவர்கள் ஆள் இப்ப கதைக்கும் போலை இருக்கு என்று அழுவார்கள். அதிலிருந்துதான் ஒரு பேச்சுக் கிளம்பியது, ஆள் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று என்ரை கைக்குத் தெரியுமாம். நான் சிரித்துவிட்டு இருந்துவிட்டேன். இல்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

தொண்ணூற்றிரண்டில் பூரணமக்காவும் புருசன் செல்லையா அண்ணையும் வந்தார்கள். எங்கள் ஊரில் தோட்டம் செய்து பிழைக்கிறவர்கள். ஒரே பிள்ளை மோகன், கொழும்புக்குப் போகவென்று கிளாலிக் கடலால் வள்ளத்தில் போனவன், எட்டு மாதமாய்ச் சேதி இல்லை. வள்ளம் கரை சேரவில்லை என்றார் ஒருவர், சேர்ந்தது, பெடியனைத்தான் காணவில்லை என்றார் இன்னொருவர். அண்ணை செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியையைச் செய்துவிட நிற்கிறார், அக்கா விடவில்லை.

"மூண்டு சாத்திரிமாரிட்டைப் போட்டம், தம்பி," என்றார் அண்ணை. "ஒருத்தன் வடக்கிலை எண்டான், ஒருத்தன் வெளிநாட்டிலை எண்டான், மூண்டாமவன் என்ரை கையைப் பிடிச்சுப் பாத்திட்டு உங்களுக்குச் சலரோகம், சீனி வருத்தம் இருக்கோ எண்டு கேட்டான்."

அக்காவே சிரித்துவிட்டா. பிறகு அண்ணையின் குரல் இறங்கிவிட்டது. "நீ கீறு. இல்லை எண்டு சொன்னியெண்டால் செய்யவேண்டியதைச் செய்யிறன், அவன்ரை ஆத்துமா அலையாமல் கிடக்கட்டும். இருக்கிறான் எண்டால் நான் வாய் திறக்கமாட்டன். இவவும் ஒத்துக்கொண்டிட்டா."

என்னால் அது ஏலாது என்று சொல்ல வாய் வரவில்லை.

அக்காவை இருத்தி மூன்று நாள் கீறினேன். முதல் இரண்டு நாளும் ஒரு வித்தியாசமும் இல்லை. மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும், நல்ல வெயில். அண்ணை வெளியில் வேப்பமரத்துக்குக் கீழே இருந்தார். கண் மட்டும்தான் பாக்கி, கண் எப்போதும் கடைசியில்தான் திறப்பேன். படத்தைப் பார்த்தால் தாடைக்குக் கீழே, மூக்குக்குக் கீழே, புருவத்துக்குக் கீழே எல்லாம் வெளிச்சம். கன்னத்தில் நான் வைத்த வெளிச்சத்தைக் காணவில்லை. முந்தின நாள் என் கை பிசகிவிட்டது என்று நினைத்துத் துடைத்துச் சரிபண்ண அக்காவை நிமிர்ந்து பார்த்தேன்.

நம்பினால் நம்புங்கள். யன்னல் அவவுக்கு இடப்பக்கம். நிலம் சாணி மெழுகின கறுத்த நிலம், ஒரு வாளித் தண்ணி கூட அங்கே இல்லை. ஆனால் அவவின்ரை முகத்தில் வெளிச்சம் கீழேயிருந்து விழுகிறது. விழுந்து ஆடுகிறது. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறவனின் முகத்தில் தண்ணி வெயிலைத் தெறிக்கவிட்டால் எப்படி நெளியும், அப்படி. சிவசிவா என்று மனதுக்குள் சொன்னேன், கண்ணைக் கசக்கினேன், அது போகவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. பெடியன் எங்கே கிடக்கிறான் என்று எனக்கு விளங்கிவிட்டது.

அக்கா அசையாமல் இருந்தபடியே கேட்டா. "ஏன் தம்பி நிப்பாட்டிட்டாய்? என்ரை பிள்ளை இருக்கிறானோ?"

"ஓம் அக்கா," என்றேன். "இருக்கிறான்."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறென்ன சொல்வது. அக்கா எழும்பி ஓடிப்போய் அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதற்குப் பிறகு அந்தியேட்டி பற்றி வாய் திறக்கவில்லை. நான் பழைய வெளிச்சத்தை வைத்துப் படத்தை முடித்துக் கொடுத்தேன்.

தொண்ணூற்றைந்தில் ஊரோடு இடம்பெயர்ந்தபோது தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் செல்லையா அண்ணை படுத்துவிட்டார். பார்க்கப் போனேன். என்ரை கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்னது சரிதானே, தம்பி?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். இரண்டு நாளில் முடிந்துவிட்டார். பிள்ளைக்குச் செய்ய உரிமையுள்ளவர் அவர்தான், செய்யாமலே போனார். பூரணமக்கா எந்தப் பக்கம் போனா என்று பிறகு ஒருவருக்கும் தெரியவில்லை. கோயில் கோயிலாய் மோகனின் பேரில் அர்ச்சனை செய்து பார்த்தேன். ஐயர் நட்சத்திரம் கேட்பார், எனக்குத் தெரியாது.

ஒன்றை இதுவரை என் மனுசிக்குக்கூடச் சொல்லவில்லை. நான் "ஓம்" என்று சொன்ன அந்த நொடியில் அக்காவின் முகத்தில் ஆடிக்கொண்டிருந்த வெளிச்சம் ஆடாமல் நின்றது. அணையவில்லை, நின்றது. ஆரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிற மாதிரி. பிறகு மெல்ல மெல்ல, நிலத்துக்குள் இறங்கிற மாதிரிப் போய்விட்டது. என்ரை பொய்யைக் கேட்டது அக்கா மட்டும் இல்லை.

வாசித்தவர்கள் இதை ஆருக்கும் சொல்வதென்றால் உள்ளபடியே சொல்லுங்கோ. பயம் காட்டவென்று ஒன்றும் கூட்டவேண்டாம், என்னில் இரக்கப்பட்டு ஒன்றும் குறைக்கவும் வேண்டாம். மோகன் என்ற பிள்ளைக்குச் செய்யவேண்டியது இன்னும் செய்யப்படவில்லை, அதைச் சொல்ல மறந்துவிடாதேங்கோ.