மூலத்தில் இல்லாத ஒரு வரி

எங்கள் மென்பொருள் குழுத் தலைவரின் பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சதுரங்கப்பட்டினத்தில் என் அக்கா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். கண்டவர்களின் பென் டிரைவும் வந்து போகிற கடை, வைரஸ் தொல்லை வேண்டாம் என்று அவள் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான்தான். என் வீடு இரண்டு தெரு தள்ளி. தினமும் காலையில் அவள் கடையில் டீ குடித்துவிட்டுத்தான் என் வேலையைத் தொடங்குவேன்.

ஃபைல்களை ஒரே மூட்டையாகக் கட்டிச் சுருக்குகிற ஓர் இலவச மென்பொருளுக்கு விளக்கக் குறிப்பு எழுதுவது என் வேலை. பட்டன் எல்லாம் கிடையாது, கறுப்புத் திரையில் கட்டளையை அடிக்க வேண்டும். தமிழ்ப் பக்கங்கள் என் பொறுப்பு.

மூட்டை கட்டியதும் பழைய ஃபைல்களை அதுவே அழித்துவிடுகிற வசதி ஒன்று அதில் உண்டு. முன்பெல்லாம் மூட்டை திறக்கிறதா என்று சோதித்த பிறகுதான் அழிக்கும். புதிய பதிப்பில், வேகம் வேண்டுமாம், அந்தச் சோதனையைக் கழற்றித் தனிக் கட்டளையாக்கிவிட்டார்கள். குறிப்பில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. 'அழிக்கும் முன் சோதியுங்கள்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி மூன்று முறை எழுதினேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. பதிப்போடு வரும் மாற்றங்களின் பட்டியலில் இருக்கிறது, அது போதும் என்றார் குழுத் தலைவர். அந்தப் பட்டியலை எந்த ஊரில் எவன் படிக்கிறான்? தமிழிலாவது சேர்க்கிறேன் என்றேன். ஆங்கில மூலத்தில் இல்லாததை மொழிபெயர்ப்பில் சேர்ப்பது விதிக்கு விரோதம் என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் குப்பத்தில் படகுப் பதிவு, ரேஷன் கார்டு என்று எதையும் யாரும் பத்திரப்படுத்துவதில்லை. "அக்கா கைல கீது" என்பார்கள். வீட்டுக்கு ஒரு ஃபோல்டராக எல்லாவற்றையும் அவள் ஸ்கேன் செய்து வைத்திருந்தாள். புயலில் அசல் தாள்கள் உப்புத் தண்ணீரில் ஊறிக் கூழான பிறகு, அவளிடம் இருந்ததுதான் மிச்சம்.

கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்தது. அக்கா என் பக்கத்தைத் திறந்து, அழிக்கும் வசதியும் சேர்ந்த முதல் உதாரணத்தை எழுத்துக்கு எழுத்து அப்படியே அடித்தாள். மூட்டை ஒரு பழைய பென் டிரைவில் போய் விழுந்தது, ஃபோல்டர்கள் அழிந்தன. மறுநாள் மூட்டை திறக்கவில்லை.

மூன்று நாள் உட்கார்ந்து நோண்டினேன். பாதிதான் மீண்டது. பதிவைக் காட்டாமல் படகை எடுக்க முடியாத ஒரு மீனவர் மூன்று நாளும் வந்து நின்றார். "இன்னாமா, என் பேப்பர் வருமா வராதா?" அவருடையது வரவே இல்லை.

நடந்ததைத் தலைவருக்கு எழுதினேன். நகல் எடுத்து வைக்காதது பயனரின் தவறு என்று பதில் வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. யாரையும் கேட்காமல் கட்டளைக்கு மேலேயே அந்த வரியைத் தமிழில் எழுதி ஏற்றினேன். அதை எடுத்தால் மறுபடியும் போடுவேன் என்று தலைவருக்கும் எழுதினேன்.

கொஞ்சம் பெருமையாகவே அக்காவிடம் காட்டினேன். அவள் இரண்டு முறை படித்தாள்.

"இது உனுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்க்கா. மூணு வாட்டி எழுதினேன், அவுங்க ஒத்துக்கல."

"அதுல எழுத வுடல, சரி. தெனம் காலைல இங்க குந்திகினு டீ குடிக்கிறியே, எங்கிட்ட வாயால சொல்றதுக்கு எந்த ரூலுடி தடுத்துச்சி?"

கிளாஸைக் கீழே வைத்தேன். வாசலில் அன்றும் அந்த மீனவர் வந்து நின்றிருந்தார். அவருடைய பேப்பர் வராது என்று நானே போய்ச் சொன்னேன்.