சொல்லிக்கொள்ளாத வீடு

மனைவி சசிகலாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம், பந்தல்காரர் கொட்டகையைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். நல்லதம்பி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை எத்தனையோ பேர் வந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்கள். சாவு வீட்டில் யாரும் "போயிட்டு வரேன்" என்று சொல்வதில்லை. சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும். நல்லதம்பியும் ஐம்பத்தைந்து வயது வரை எத்தனையோ வீடுகளிலிருந்து அப்படித்தான் எழுந்து வந்திருக்கிறார். அந்த இடத்தில் தானே உட்கார்ந்தபோதுதான் அது எப்படி இருக்கும் என்று தெரிந்தது. பேசிக்கொண்டே திரும்பினால் ஆள் இருக்காது.

பிள்ளை குட்டி இல்லை. குன்னத்துக்குத் தெற்கே மூன்று ஏக்கர் மானாவாரிக் காடு. காரியத்துக்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது, ஊர் முழுக்கப் பருத்தி வெடித்து நிற்கிற நேரம். அவர் காட்டிலும் வெடித்துத்தான் நின்றது. அவர் போகவில்லை. காலையில் வடித்த சோறுதான் இரவுக்கும். பொழுது சாய்ந்தால் மாரியம்மன் படத்துக்கு விளக்கேற்றி, "ஆத்தா, யாராச்சும் வரட்டும்" என்பார். அவ்வளவுதான் வேண்டுதல்.

ஒரு வியாழக்கிழமை மலர்க்கொடி வந்தாள். சசிகலாவையும் சேர்த்துப் பருத்தி எடுக்கப் போகிற ஆறு பேரில் ஒருத்தி. எடுத்த பருத்தியைப் போட இடுப்பில் கட்டுகிற மடித்துணி ஒன்று அவள் கையில் இருந்தது. சசிகலாவின் பழைய நீலச் சேலையில் கிழித்தது.

"அண்ணியோட மடி எங்கூட்லயே கெடந்துச்சுண்ணே. அலசிக் கொண்டாந்தேன்."

"உக்காரு தாயி."

"என்னா வேகம் அவங்க கை! நாங்க பாதி சால்ல நிப்போம், அண்ணி வரப்புல உக்காந்து எங்களுக்குப் பேரு வெச்சிட்டிருப்பாங்க. எனக்கு ஆமைன்னு பேரு."

நல்லதம்பி சிரித்துவிட்டார். "எனக்கும் ஒண்ணு வெச்சிருந்தா."

"அது எங்க எல்லாருக்கும் தெரியும்ணே."

ஆள் ஏற்றிப் போகிற வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது. மலர்க்கொடி எழுந்தாள். "சரிண்ணே, போயிட்டு வரேன்."

சொன்னவுடனே வாயைப் பொத்திக்கொண்டாள். முகம் செத்துப்போயிற்று. "ஐயோ, ஆத்தா!" என்று ஓடியே போய்விட்டாள்.

நல்லதம்பிக்கு அந்த வார்த்தை காதிலேயே நின்றது. வரேன் என்றாளே. வெள்ளி போயிற்று, சனி போயிற்று, ஞாயிறும் போயிற்று. அவள் வரவில்லை. திங்கட்கிழமை டீக்கடை உத்திராபதி சொன்னார்: "ஒங்க வூட்ல வாய் தவறிச் சொல்லிடுச்சாமே அந்தப் பொண்ணு. கோயில்ல போயி அழுவுது. இனிமே அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்னுதாம்."

நல்லதம்பி டீயைப் பாதியில் வைத்துவிட்டு நடந்தார். துக்கக்காரர் அடுத்தவர் வீட்டுக்குள் போகக்கூடாது. தெருவிலேயே நின்று கூப்பிட்டார்.

"மலரு! உள்ள வரலம்மா. ஒரு வார்த்த கேட்டுட்டுப் போறேன்."

அவள் கதவோரம் வந்து நின்றாள். "தெரியாம சொல்லிட்டேண்ணே. ஒங்களுக்கு ஒண்ணுன்னா..."

"எனக்கு என்ன வரும் இனிமே? இத்தினி நாள்ல எங்கூட்டுக்கு வந்தவங்கள்ல நீ ஒருத்திதான் திரும்பி வரேன்னு சொன்ன. சொல்லிட்டு நாலு நாளா வராம இருந்தா எப்படி?"

"ஆத்தா கோவிச்சுக்குவாண்ணே."

"யாராச்சும் வரட்டும்னு ஆத்தாகிட்ட கேட்டதே நாந்தானே."

அவள் முந்தானையில் மூக்கைத் துடைத்தாள். "ஒங்க காட்ல பருத்தி கீழ கொட்டுதாம்ல. நாளைக்கு ஆறு பேரும் வந்து..." என்று ஆரம்பித்து, "அஞ்சு பேரும்" என்றாள்.

"ஆறுதான். அவ மடிய நான் கட்டிக்கறேன்."

"நீங்களா? அப்ப ஆமைங்கற பேரு இனி ஒங்களுக்குத்தான்."

வீடு திரும்பினார். வீடு அப்படியேதான் இருந்தது. விளக்கேற்றினார். ஆத்தாவிடம் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. நீல மடியை எடுத்து இடுப்பில் சுற்றிப் பார்த்தார். சசிகலா எப்படி முடிச்சுப் போடுவாள் என்று ஒரு நாளும் கவனித்ததில்லை. அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்தது. காலையில் மலர்க்கொடியிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று மடித்துத் தலைமாட்டில் வைத்தார்.