மாத்திரை முடிந்துவிட்டது என்று சொன்னேன்

எங்கள் நாய் செவலைக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரையை நான் பாதியில் நிறுத்தினேன். நிறுத்தியதை மறைத்தேன். முழுவதும் கொடுத்து முடித்துவிட்டேன் என்று மருத்துவரின் முகத்தைப் பார்த்தே சொன்னேன். செவலைக்கு இன்று பார்வை இல்லை.

இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நீட்டினால் சாக்குகள் வந்து ஒட்டிக்கொள்ளும் என்று பயமாக இருக்கிறது. இருந்தாலும் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்... உங்கள் வீட்டிலும் ஒரு நாய் இருக்கலாம். இந்த நேரத்தில் அதன் காது மடலுக்குள் ஓர் உண்ணி இருக்கலாம்.

என் பெயர் வசந்தி. மணமேல்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் அங்கன்வாடி டீச்சர். பூச்சி மாத்திரை கொடுக்கிற நாளில் எந்தப் பிள்ளையும் என்னை ஏமாற்ற முடியாது. "வாயத் தொற... நாக்கத் தூக்கு" என்று பார்த்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்புவேன். மாத்திரை விஷயத்தில் நான் கறார் என்று ஊருக்கே தெரியும். அந்த நல்ல பெயர்தான் பிறகு என் பொய்க்குக் காவல் இருந்தது!

செவலை என் கொழுந்தன் செந்தில் வளர்த்த நாய். மீமிசலில் மீன் ஏலம் விடுகிற இடத்தில், பெட்டிகளுக்கு நடுவே கிடந்த குட்டியைச் சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்தான். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது அதை என் பொறுப்பில் விட்டுப் போனான்.

நிலம் பிரித்ததில் அவனுக்கும் என் கணவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. அவன் இந்த வீட்டுக்கு அழைப்பதென்றால் என் போனுக்குத்தான். அதுவும் செவலையைப் பார்க்கத்தான். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அவன் குரல் கேட்டதும் செவலை ஓடிவந்து போனை நக்கும். நான் முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடியும் பிடிப்பேன். அவன் அங்கே சிரித்துக்கொண்டிருப்பான்.

போன வருடம் பங்குனி வெயில் ஏறிய சமயம். செவலை சோற்றை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. ஒரு நாள் முன்னங்காலை நொண்டியது; இன்னொரு நாள் பின்னங்காலை. விரலிடுக்கிலும் காதுக்குள்ளும் உண்ணி அப்பியிருந்தது. உண்ணி எந்த நாய்க்குத்தான் இல்லை என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள்.

செந்திலிடம் சொன்னபோது அவன் பதறினான். "அண்ணி, நெட்டுல பாத்தேன். உண்ணி கடிச்சா லைம் நோய்னு ஒண்ணு வருமாம். கடிச்ச எடத்துல வட்டமா செவப்பு வளையம் இருக்குமாம். நல்லாப் பாருங்க."

நானும் முடியை விலக்கி விலக்கித் தேடினேன். வளையம் எதுவும் இல்லை. அப்படியானால் உண்ணி நோய் இல்லை என்று நிம்மதியாக அரங்கனையும் அம்மனையும் கும்பிட்டுவிட்டுச் சும்மா இருந்தேன்! செவலையின் ஈறு வெளுத்து, தாடைக்கடியில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி தட்டுப்பட்ட பிறகுதான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன்.

அந்த அம்மாள் பொறுமையானவர். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அந்த வளையமெல்லாம் மனுசத் தோல்ல வர்றதுங்க. நாய்கிட்டத் தேடுனாக் கெடைக்காது. லைம் நோய் நம்ம பக்கம் வந்து நான் பாத்ததில்ல. நம்ம ஊரு உண்ணி வேற காய்ச்சலக் கொண்டாரும். காய்ச்சல், நொண்டுறது, சாப்பிடாமக் கெடக்குறது, நெறி கட்டுறது... ரெண்டும் வெளிய பாக்க ஒரே மாதிரிதான். மாத்திரையும் ஒண்ணுதான்."

அது டாக்ஸிசைக்ளின். நான்கு வாரம் விடாமல் கொடுக்க வேண்டும். பாலோடு கொடுக்கக் கூடாது. சாப்பிட்ட பிறகு கொடுக்க வேண்டும். கிளம்பும்போது அவர் என்னை நிறுத்தி இன்னொன்றும் சொன்னார். "ரெண்டு மூணு நாள்லயே எந்திரிச்சு ஓடும். ஓடுதேன்னு மாத்திரைய நிறுத்திராதீங்க. கிருமி உள்ளயே பதுங்கிக் கெடக்கும்." நான் தலையை ஆட்டினேன். எனக்கா சொல்கிறீர்கள் என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டேன்.

மீன் நாற்றத்தில் பிறந்த நாய் அல்லவா! வறுத்த மீன் துண்டுக்குள் மாத்திரையைச் செருகினால் ஒரே விழுங்கு. அவர் சொன்னபடியே சீக்கிரம் எழுந்தது. வாலை ஆட்டியது. பக்கத்து வீட்டுக் கோழியைத் துரத்தி எனக்கு ஏச்சு வாங்கிக் கொடுத்தது. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

அப்போதுதான் அம்மன் கோயிலில் காப்புக் கட்டினார்கள்.

எங்கள் ஊரில் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை எந்த வீட்டு அடுப்பிலும் மீனோ கறியோ ஏறாது. அந்த வருடம் ஒரு நாள் மண்டகப்படி எங்களுடையது. சாமி எங்கள் வாசலில் வந்து நிற்கும். அந்த நாள் பூசையும் செலவும் எங்கள் பொறுப்பு. வீட்டை மெழுகி, பாத்திரம் பண்டமெல்லாம் புளி போட்டுத் துலக்கி வைத்திருந்தேன். மீன் வாடைக்கு இடமே இல்லை.

இட்லிக்குள் வைத்துக் கொடுத்தேன். இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையைத் தரையில் துப்பியது. வெல்லத்தில் பொதிந்தேன், அதையும் நக்கிவிட்டுத் துப்பியது. வாயைப் பிளந்து போடப் பார்த்தேன். ஒருமுறை உறுமியது. நான் கையை எடுத்துக்கொண்டேன். ஊர்ப் பிள்ளைகளின் வாயையெல்லாம் திறந்து பார்க்கிற நான், ஒரே ஓர் உறுமலுக்குப் பின்வாங்கினேன்!

வேறு வழியே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அதைத்தான் வெகு நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அடுத்த தெருவில் மேரி அக்கா இருக்கிறார். கூடையில் மீன் விற்பவர். அவர்கள் வீட்டுக்குக் காப்பும் இல்லை, விரதமும் இல்லை. நான் புலம்பியதைக் கேட்டு அவரே சொன்னார். "இதுக்கா டீச்சர் மலைக்கிறீங்க? எங்க வீட்டுக்கு அனுப்பி விடுங்க. மீனுக்குள்ள வச்சு நான் குடுத்துர்றேன்."

நான் சரி என்று சொல்லவில்லை. மண்டகப்படி வீட்டு நாய் தினமும் மீன்காரம்மா வாசலில் போய் நின்றால் தெரு என்ன பேசும்? அப்படித்தான் யோசித்தேன். செவலையைப் பற்றி யோசிக்கவில்லை. அதுதான் ஓடியாடிக்கொண்டிருக்கிறதே, சாமி காரியம் முடியட்டும் என்று மீதி மாத்திரையை அரிசிப் பானைக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்.

அம்மன் கேட்டாளா என்னிடம், நாய்க்கு மருந்தை நிறுத்து என்று? கேட்கவில்லை. கணவர் தடுத்தாரா? அவருக்கு நான் என்ன கொடுக்கிறேன் என்றே தெரியாது. என் கௌரவத்தைக் காப்பாற்ற நானே செய்தது இது.

செந்தில் வாராவாரம் கேட்டான். "மாத்திரை குடுத்தீங்களா அண்ணி?" "குடுத்தாச்சுப்பா." முதல் முறை சொல்லும்போது போனைச் செவலை பக்கம் திருப்பிக்கொண்டேன். பிறகு திருப்பவில்லை. திருவிழா முடிந்தது. வீட்டில் மீன் குழம்பு கொதித்தது. மாத்திரை பானைக்குப் பின்னாலேயே கிடந்தது... செவலை நன்றாகத்தானே இருக்கிறது!

கொஞ்ச காலம் கழித்துத் தரையில் சொட்டுச் சொட்டாக இரத்தம் கிடந்தது. செவலையின் மூக்கிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. கண்கள் கஞ்சி படிந்தது போல மங்கியிருந்தன.

மருத்துவர் முதலில் கேட்டது ஒரே கேள்வி. "மாத்திரைய முழுசா முடிச்சீங்களா?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அறையில் நாங்கள் இருவரும் செவலையும் மட்டும்தான். மண்டகப்படியும் இல்லை, தெருவும் இல்லை. வெட்கப்பட என்ன இருந்தது? ஆனால் வாய் தானாகத் திறந்தது. "முடிச்சுட்டேன் டாக்டர். ஒரு வேளகூட விடல."

அவர் என்னை நம்பினார். மருந்து முழுதும் உள்ளே போயும் இரத்தம் வழிகிறதென்றால் இது வேறு ஏதோ என்று முடிவு செய்தார். வேறு ஊசி போட்டார். வேறு சோதனைக்கு இரத்தத்தை அனுப்பினார். என் வார்த்தையை நம்பி அவர் இல்லாத நோயைத் தேடிக்கொண்டிருந்த அந்த நாட்களில், இருக்கிற நோய் செவலையின் கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. நிறுத்தியதுகூடச் சோம்பல், பயம், வறட்டுக் கௌரவம் என்று ஏதாவது பெயரில் அடங்கும். இந்தப் பொய்க்கு என்ன பெயர் வைப்பது? எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

ஒரு காலையில் செவலை தன் தண்ணீர்ச் சட்டியைத் தேடிச் சுவரில் முட்டிக்கொண்டது. அன்றைக்கே போய் மருத்துவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திட்டவில்லை. "வந்த அன்னிக்கே இதச் சொல்லிருக்கலாமேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, பழைய மாத்திரையையே மறுபடி எழுதினார்.

இந்த முறை ஒரு வேளையும் தவறவில்லை. விரலை வாய்க்குள் விட்டு, தொண்டை ஏறி இறங்கும்வரை கழுத்தை நீவிவிட்டு நின்றேன். இரண்டு முறை கடி வாங்கினேன். ஊசி போட்டுக்கொண்டு வந்து மறுபடியும் விரலை விட்டேன். உயிர் தங்கியது. பார்வை திரும்பவில்லை. உள்ளே வலி ஏறாமலிருக்க இனி ஆயுள் முழுக்கக் கண்ணுக்குச் சொட்டு மருந்து.

அதன் பிறகு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அழுதுகொண்டு உட்கார மாட்டேன். அழுவதற்கு எனக்கு என்ன தகுதி இருக்கிறது? எங்கள் தெரு நாய் ஒவ்வொன்றின் காதையும் விரலிடுக்கையும் வாலடியையும் பார்க்கிறேன். நொண்டினாலோ சோற்றை ஒதுக்கினாலோ அந்த வீட்டில் போய் நிற்கிறேன். மருத்துவரிடம் போகும்வரை விடுவதில்லை. "டீச்சருக்கு நாய்ப் பைத்தியம்" என்கிறார்கள். சொல்லட்டும்.

இந்த வருடமும் காப்புக் கட்டினார்கள். உண்ணி ஏறாமலிருக்க மாதாமாதம் கொடுக்கிற மாத்திரையின் முறை அந்த நாட்களில் வந்தது. விரலை விட்டே கொடுத்திருக்கலாம். எனக்கு இப்போது கை பழகிவிட்டது. ஆனாலும் செவலையை நடத்திக்கொண்டு, தெரு முழுக்கப் பார்க்க, மேரி அக்கா வாசலில் போய் நின்றேன். அவர் மீன் துண்டை எடுத்து வந்தார். யாரும் எதுவும் பேசவில்லை. எந்தப் பேச்சுக்குப் பயந்தேனோ அந்தப் பேச்சே இல்லை!

செவலைக்குப் பார்வை போனதைச் செந்திலுக்கு மட்டும் சொல்லவில்லை. போனைச் செவலையின் மூக்கருகே பிடித்தால் குரல் கேட்டு நக்கும். கண் ஏன் மங்கலாக இருக்கிறது என்று அவன் கேட்டபோது, வெயில் கூசுகிறது என்றேன். பார்த்தீர்களா... திருந்திவிட்டேன் என்று இப்போது உங்களிடம் சொன்னேனே, அதே மாதங்களில்தான் இதையும் சொன்னேன்.

திருவிழாவுக்குப் பிறகு அவன் விடுப்பில் வந்தான். வாசலில் கார் நின்றதும் "டேய் செவல!" என்று கூப்பிட்டான். உள்ளேயிருந்து பாய்ந்து ஓடிய செவலை, நிறுத்தியிருந்த பைக்கில் மோதி விழுந்தது. எழுந்தது. அவன் நிற்கிற இடத்தை விட்டு இடதுபக்கமாக ஓடி, மூக்கைத் தூக்கித் தேடியது.

அவனுக்குப் புரிந்துவிட்டது. மண்ணில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டான். பிறகு என்னைத்தான் தேற்றினான். "விடுங்க அண்ணி, அழுவாதீங்க. நீங்க ஒரு வேள விடாமக் குடுத்தும் இப்படி ஆச்சுன்னா, யாரு என்ன செய்ய முடியும்?"

அந்த ஆறுதலை வாங்கிக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. அங்கேயே, பெட்டிகளைக்கூட இறக்காத காருக்கு முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். காப்பு, மேரி அக்கா, அரிசிப் பானை, மருத்துவரிடம் சொன்ன பொய், போனில் சொன்ன பொய்... என் கணவர் நிலைப்படியில் நின்று கேட்டார். செந்தில் கேட்டு முடித்தான். செவலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

விடுப்பு முடியும்வரை சொட்டு மருந்தை அவனே விட்டான். நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டான், என்னோடு பேசவில்லை. கிளம்புகிற அன்று மருந்துக் குப்பியை என்னிடம் நீட்டினான்.

"நம்பித் தரல அண்ணி. வேற ஆளு இல்ல."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் போன் அடிப்பதில்லை. என் கணவரின் போன் அடிக்கிறது. நிலத் தகராறில் முகம் திருப்பிக்கொண்ட அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்கிறார்கள். "அண்ணி சொட்டு விட்டாங்களான்னு பக்கத்துல நின்னு பாத்துச் சொல்லுண்ணே" என்கிற குரல் எனக்கும் கேட்கிறது. கணவர் வந்து நிற்கிறார். பிள்ளைகளின் வாய்க்கு முன்னால் நான் நிற்பது போலவே.

நிற்கட்டும். அவர் நிற்கிற நாளிலும் விடுகிறேன், நிற்காத நாளிலும் விடுகிறேன். குப்பியின் மூடியைத் திருகுகிற சத்தம் கேட்டாலே செவலை எங்கிருந்தாலும் வந்துவிடுகிறது. என் மடியில் தாடையை வைத்து, முகத்தைத் தூக்கி, இரண்டு கண்களையும் எனக்கு அகலத் திறந்து காட்டுகிறது.