கபேலேயின் பித்தளை வில்லை

என் தம்பி கபேலே இருபத்தேழு வருஷம் எங்கள் மலைநாட்டு எல்லையைத் தாண்டித் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தான். ஊருக்குத் திரும்பியபோது அவன் கையில் இருந்தவை ஒரு தகரப் பெட்டி, ஓர் இருமல், ஒரு பித்தளை வில்லை. வில்லையில் அவன் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். பூமிக்குள் இறங்கும் முன் ஆணியிலிருந்து அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். மேலே வந்ததும் மறுபடி ஆணியில் தொங்கவிட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் அந்த எண்காரன் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம்.

கடைசி நாள் அவன் அதைத் தொங்கவிடாமல் வந்துவிட்டான்.

“திருடிட்டு வந்திருக்கியே, வெக்கமா இல்லையா?” என்று கேட்டேன்.

“என் நம்பர்தானே அக்கா. அவங்களுக்கு எதுக்கு?”

“அப்போ அவங்க ஆணியைப் பாத்தா நீ இன்னும் கீழதான் இருக்கேன்னு நெனச்சுப்பாங்க.”

நான் சிரிப்புக்குச் சொன்னது. அவன் சிரிக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து அவன் கூரைக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. பனி கொட்டினாலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியேதான். களியில் பனி விழும், துடைத்துவிட்டுத் தின்பான்.

கணவாய்க்குக் கீழே என் குடிசை இருக்கிறது. சோள பீர் தயாரானதும் வெள்ளைக் கொடி ஏற்றுவேன். குடிக்க வருகிறவர்களை இவன் நிம்மதியாகக் குடிக்க விடமாட்டான். கணவாய் உச்சிக்கு இழுத்துப் போய், “அங்க பாருங்க, ஆறு மூணு தரம் வளையுது பாருங்க” என்பான். பிறந்ததிலிருந்து அதே ஆற்றில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியவர்களிடம் சொல்கிற பேச்சா இது?

அவன் பெண்டாட்டி மதாத்தோ ஒருநாள் கத்தினாள்: “ஆறு வளையறது இருக்கட்டும்யா. நீ கொஞ்சம் வளைஞ்சு அந்த விறகை எடு!”

இப்படி இருந்தவனுக்குத்தான் அந்த விளையாட்டு வந்து வாய்த்தது. அருவிப் பக்கம் இரண்டு வெளியூர்க்காரர்கள் கையில் போனை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரமாகத் தரையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்களாம். இவன் போய் நின்றான். ஒரே பார்வை. “அந்தக் கல்லு இந்த எடத்துல பொறந்த கல்லு இல்ல” என்று காட்டினான். பாறையைப் பார்த்தே பிழைத்த கண் அல்லவா. கல்லைத் தூக்கினால் கீழே ஒரு டப்பா. உள்ளே ஒரு சின்ன நோட்டு, பென்சில், ஒரு பொம்மை. கண்டுபிடித்தவர்கள் நோட்டில் பேர் எழுதிவிட்டு டப்பாவைப் பழையபடி ஒளித்து வைத்தார்கள். ஜியோகேச்சிங் என்று அதற்குப் பெயராம். என் வாயில் அது நுழையாது, நான் டப்பா வேட்டை என்றே சொல்வேன். உலகம் முழுக்க யார் யாரோ டப்பாவை ஒளித்து, இடத்தைப் போனில் எழுதிவிடுகிறார்களாம். யார் யாரோ வந்து தேடுகிறார்களாம். சில டப்பாவில் பயணச் சாமான் ஒன்று இருக்கும். கண்டுபிடித்தவர் அதை எடுத்துப்போய் வேறு ஊர் டப்பாவில் வைக்க வேண்டும். அங்கிருந்து இன்னொருவர் எடுத்துப் போவார்.

கபேலேயின் புத்தி அந்த இடத்தில் மாட்டிக்கொண்டது.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. விளையாடாதவர்களிடம் இடத்தைச் சொல்லக் கூடாது என்பது விதியாம். இவன் பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை. ஒரு டப்பாவில் தன் பித்தளை வில்லையைப் போட்டான். ஊர் ஊராகப் போகட்டும், இருபத்தேழு வருஷ இருட்டுக்கு வட்டியும் முதலுமாக வெளிச்சத்தைப் பார்க்கட்டும் என்று. அதைக் கொண்டுபோய் எங்கே ஒளித்தான்? கணவாய் உச்சியில், கல்குவியலில்.

பாவி, எங்கள் ஊரில் பிறந்தவன்தானே! கணவாயைத் தாண்டுகிறவர் ஒவ்வொருவரும் ஒரு கல்லை எடுத்து, அதில் லேசாகத் துப்பி, குவியலில் வைத்துவிட்டுத்தான் போவார்கள் என்பது அவனுக்குத் தெரியாதா? போகிற காரியம் நல்லபடி முடிய வேண்டாமா? நாங்கள் ஊர்ப் பக்கம் வைப்போம், அந்தப் பக்கத்து ஆட்கள் அந்தப் பக்கம் வைப்பார்கள். வைத்த கல்லை இன்னொருவர் தொடக் கூடாது. தொட்டால் அவருடைய வழிக்கஷ்டம் முழுக்க நம் தலையில் ஏறிக்கொள்ளும்.

இவன் டப்பாவை வைத்த பொந்து எங்கள் பக்கம் இடுப்பு உயரத்தில் இருந்தது. “மாசத்துக்குப் பத்துக் கல்லு விழும்னு நெனச்சேன்” என்றான் பிறகு. சுரங்கத்திலிருந்து வருஷத்துக்கு ஒரு தரம் வந்து போனவனுக்கு ஊர் நடமாட்டம் என்ன தெரியும்? அவன் வைத்த மறு வாரமே எங்கள் பழைய தலைவர் செத்துப்போனார். அடக்கம் மலைக்கு அந்தப் பக்கம். எண்பது பேர் நடந்தோம், எண்பது கல். திரும்பி வரும்போது இன்னொரு எண்பது. குவியல் ஒரே நாளில் என் நெஞ்சுக்கு வந்துவிட்டது. அன்று கபேலே மட்டும் தேம்பித் தேம்பி அழுதான். தலைவர் மேல் இவ்வளவு பாசமா என்று ஊரே மெச்சியது.

அப்புறம்தான் வேற்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் கடற்கரை நகரமான டர்பனிலிருந்து சிவப்புத் தொப்பிக்காரன் ஒருவன். போனைப் பார்த்துக்கொண்டே குவியலைச் சுற்றினான், குனிந்தான், விரலை விட்டுத் துழாவினான். மோதிரம் தொலைத்துவிட்டான் போலிருக்கிறது என்று இரக்கப்பட்டு மேலே ஏறிப் போனேன். அவன் ஒரு கல்லை உருவப் போனான்.

“அடேய், கையை எடு!” என்று போட்ட சத்தத்தில் அவன் தொப்பி விழுந்தது.

பாஷை தெரியாதவன். கோபித்து என்ன செய்ய? என் குடிசைப் பின்புறம் கிடக்கும் சிவப்புக் கல் ஒன்று கையில் இருந்தது. அதை அவனிடம் கொடுத்து, துப்பவும் வைக்கவும் சொல்லிக்கொடுத்தேன். நல்ல பிள்ளை, சொன்னபடி துப்பி, துழாவிய இடுக்கிலேயே கல்லை ஆழமாகத் தள்ளிவிட்டான். பிறகு இரண்டு கூட்டம் வந்தது. அவர்களுக்கும் அதே உபசாரம்தான். கல் வைக்காமல் என் கண் முன்னால் எவரும் கணவாய் தாண்டியதில்லை.

ஐந்து மாதம் கபேலே என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

“அக்கா, தினமும் எதுக்குக் கல்லு வைக்கறே?”

“தினமும் தாண்டறேன், தினமும் வைக்கறேன். உனக்கென்னடா வலிக்குது?”

“சின்னதாவாவது வையேன்.”

“என் ஆயுசு சின்னதாப் போகணும்ங்கறியா?”

குவியலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டான்.

ஒரு புதன்கிழமை காலை, குவியல் முன்னால் கம்பளியைத் தலை மூட இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போன் மடியில் கிடந்தது. இருமலா, அழுகையா என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றுதான் விதியாவது ஒன்றாவது என்று எல்லாவற்றையும் கொட்டினான். மூன்று கூட்டம் வந்து டப்பா இல்லை என்று எழுதிவிட்டார்களாம். விளையாட்டை மேற்பார்க்கிறவர்கள் சேதி அனுப்பியிருந்தார்கள்: இந்த மாத முடிவுக்குள் யாராவது கண்டுபிடிக்காவிட்டால் டப்பாவைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள். நீக்கினால் அதைத் தேடி இனி ஒருவரும் வரமாட்டார்கள். மாதம் முடிய மூன்றே நாள். சனிக்கிழமை புளூம்ஃபொன்டேனிலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வருவதாக எழுதியிருந்தார்கள். அவர்கள்தான் கடைசி.

“என் வில்லை மறுபடி பாறைக்கு அடியில போயிடுச்சு அக்கா” என்றான். “இந்தத் தடவை நானே இறக்கி விட்டுட்டேன்.”

அவன் தோளிலிருந்து நழுவிய கம்பளியை இழுத்துவிட்டேன். ஆனாலும் திட்டினேன். “மூளை இருக்கா? ஒளிக்க வேற எடமே கெடைக்கலையா? அந்தப் பாறைச் சந்து இருக்கே!”

“அங்கருந்து பாத்தா ஆத்தோட மூணாவது வளைவு தெரியாது.”

இவனிடம் என்ன பேசுவது? யோசித்தேன். அடுத்தவர் கல்லை அடுத்தவர்தான் தொடக் கூடாது. தன் கல்லைத் தானே எடுத்து நகர்த்தி வைத்தால்? அதற்குத் தடை எதுவும் நான் கேள்விப்பட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை வெள்ளைக் கொடியை ஏற்றினேன். ஊர் வந்தது. “முதல்ல மேல ஏறுங்க, அவங்கவங்க கல்லை எடுத்துப் பக்கத்துல புதுக் குவியலா வைங்க, அப்புறம்தான் பீர்” என்று சொல்லிவிட்டேன். ஏன் எதற்கு என்று முனகினார்கள். பானையை மூடினேன். ஏறினார்கள்.

ஏறிய பிறகுதான் கூத்து. எவருக்கு எது தன் கல் என்று நினைவிருக்கிறது? குதிரைக்காரர் போஷோலி பெரிய கல் எல்லாம் தன்னுடையது என்றார்.

“இது நான் வெச்சது. இவ்வளவு பெருசை வேற யாரால தூக்க முடியும்?”

“யோவ் போஷோலி, நீ குதிரையை விட்டு எறங்கினதே இல்ல, கல்லை எங்கருந்து எடுத்தே?” என்றாள் மதாத்தோ.

“அடக்கத்தன்னிக்கு எறங்கினேன்ல!”

“எறங்கலை. விழுந்தே.”

சிரிப்பும் சண்டையுமாக மதியத்துக்குள் எங்கள் பக்கம் இடுப்பு உயரத்துக்கு இறங்கிவிட்டது. கபேலே குனிந்து பார்த்தான். பொந்தின் வாயில் கச்சிதமாக ஒரு சிவப்புக் கல். டர்பன்காரன் வைத்தது! எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

“அவன் வந்து எடுத்தாத்தான் உண்டு” என்றார் போஷோலி.

“டர்பனுக்கு யார் போறது?”

கபேலேயின் முகம் செத்துவிட்டது. எனக்கு வந்தது கோபம். “நகருங்க எல்லாரும். கல்லு யாரோடது? என் குடிசைக் கல்லு. எச்சில்தான் அவன்து. அது எப்பவோ காஞ்சு போச்சு.”

“அது எப்படி அக்கா, துப்பினவன்தானே...”

“போஷோலி, உனக்கு இன்னிக்கு பீர் வேணுமா வேண்டாமா?”

கல்லை உருவினேன். அதன் வழிக்கஷ்டம் என் தலையில் ஏறியிருந்தாலும் இன்றைக்குவரை அது என்னிடம் பேசவில்லை. உள்ளே கை விட்டேன். டப்பா வந்தது. திறந்து பார்த்தால் வில்லை மின்னியது. கபேலே அதை எடுக்கவில்லை, சும்மா பார்த்துக்கொண்டு நின்றான். நோட்டின் முதல் பக்கம் வெள்ளையாக இருந்தது.

“கண்டுபிடிச்சவங்கதானே பேர் எழுதணும்? நான்தானே எடுத்தேன்?”

“அக்கா, வேண்டாம். முதல் பேருக்கு இந்த விளையாட்டுல பெரிய மதிப்பு. அதுக்காகவே ஏழு மணி நேரம் கார் ஓட்டிட்டு வர்றாங்க.”

“நான் அஞ்சு மாசமா இங்கேயே நிக்கறேன்.”

எனக்கு எழுத்து தெரியாது. பென்சிலைக் கட்டைவிரலில் அழுத்தித் தேய்த்து முதல் பக்கத்தில் ஒரு ரேகை வைத்தேன். அழகாக விழுந்தது. கபேலே டப்பாவைப் பொந்தில் வைத்து, தன் கல் ஒன்றால் மூடினான்.

சனிக்கிழமை ஊரில் ஒருவர்கூட வேலைக்குப் போகவில்லை. ஐம்பது பேர் கணவாயில் உட்கார்ந்துவிட்டோம். “யாரும் குவியலைப் பாக்கக் கூடாது. பாத்தா எடம் தெரிஞ்சுடும்” என்று கபேலே கெஞ்சினான். சரி என்று ஐம்பது பேரும் குவியலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். கார்ச் சத்தம் கேட்டது. ஒருவரும் திரும்பவில்லை. பார்க்க வேறு எதுவும் இல்லாததால் ஆற்றைப் பார்த்தோம். வெயில் அப்போதுதான் பள்ளத்தாக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. கோதுமை வயலுக்கு நடுவே தண்ணீர் தகடு தகடாகப் பளபளத்தது.

போஷோலிதான் முதலில் வாயைத் திறந்தார். “அட, நெஜமாவே மூணு தரம் வளையுதுப்பா!”

“அதைத்தானே இத்தனை வருஷமா சொல்றேன்!” என்று கபேலே கத்திவிட்டான்.

பின்னாலிருந்து ஒரு பெண் குரல், எங்கள் பாஷையில்: “ஐயா, இங்க என்ன கூட்டம்? யாராவது இறந்துட்டாங்களா?”

ஹெஸ்டர் என்று பெயர். எல்லைப் பக்கத்துப் பண்ணையில் வளர்ந்தவளாம். புருஷன் வாயே திறக்கவில்லை. கால் மணி நேரத்தில் டப்பாவை எடுத்துவிட்டாள். குதித்தாள். நோட்டைத் திறந்தாள். முகம் தொங்கிவிட்டது.

“இது யாரோட ரேகை?”

ஐம்பது பேரும் மறுபடி ஆற்றைப் பார்த்தார்கள்.

“என்னோடது” என்றேன். “நீ ரெண்டாவது. ரெண்டாவதும் நல்ல எடம்தான்மா.”

“நீங்க இந்த விளையாட்டுல இருக்கீங்களா அம்மா?”

“இந்தக் குவியல்ல எழுவது வருஷமா இருக்கேன்.”

என்னை ஒருமுறை பார்த்தாள், ரேகையை ஒருமுறை பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்து, ரேகைக்குக் கீழே தன் பெயரை எழுதினாள். போனிலும் அப்போதே ‘கிடைத்தது’ என்று எழுதிக் காட்டினாள். பட்டியலில் டப்பா தப்பித்தது. வில்லையைக் கையில் எடுத்து, “இதை எங்க கொண்டுபோகணும் ஐயா?” என்று கேட்டாள்.

கபேலே வில்லையின் எண்ணை விரலால் ஒருமுறை தடவினான். “எங்க வேணா வைங்கம்மா. வெளிச்சமான எடமாப் பாத்து வைங்க.”

போகும்போது இருவரையும் கல் வைக்கச் சொன்னேன். புதுக் குவியலில்தான்.

இரண்டு மாதம் கழித்து கபேலே போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். கடற்கரையில் ஒரு கலங்கரை விளக்கு. அதன் வேலிக் கம்பியில் வில்லை தொங்குகிறது, எண் பளிச்சென்று தெரிகிறது. பின்னால் ஒரே தண்ணீர். “இப்ப ஆணி காலியா இல்ல பாத்தியா அக்கா” என்றான். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு மதாத்தோ கூப்பிட்டதும் கூரைக்குள் போய் உட்கார்ந்தானாம். அவள் பயந்துபோய் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள்.

இப்போது எங்கள் பக்கத்தில் யாரும் பழைய குவியலில் கல் வைக்கக் கூடாது, புதியதில்தான் என்று ஊரில் கட்டுப்பாடு. கட்டுப்பாடு போட்டதே நான்தான். நேற்று கிளினிக்குக்குப் போகும்போது மனசு கேட்கவில்லை, பழையதிலும் ஒன்று வைத்தேன். சின்னக் கல்தான். கபேலே அங்கேதான் நின்றுகொண்டிருந்தான், ஆற்றைப் பார்த்தபடி. கவனிக்கவில்லை.