ஓடைக்குக் குறுக்கால ஒரு கயிறு

"ஓடைக்குக் குறுக்கால கம்பியை இறுக்கிக் கட்டாதேங்கோ எண்டு தொண்டை கிழியச் சொல்லுறன், ஒருத்தருக்கும் காது இல்லை."

மில்ரன் மாமா இதைச் சொல்லாத நாளில்லை. முதல்ல மூக்கை ஒருக்கா உறிஞ்சுவார். பிறகு அந்தக் "காது இல்லை"யை அடம்பன் சந்தி வரைக்கும் கேக்க இழுப்பார். மார்த்தா மாமியும் விடமாட்டா. "சாப்பிட வாங்கோ எண்டு தொண்டை கிழியச் சொல்லுறன், ஒருத்தருக்கும் காது இல்லை" எண்டுதான் அவரைக் கூப்பிடுவா.

ஊருக்கெல்லாம் வேலி அடிக்கிறவர் அவர்தான். அவற்ற சொந்தப் பட்டி ஓடைப் பள்ளத்துக்குள்ள, பதினாலு மாடு. சுத்திவர பனங்கட்டையை ஆழமாத் தாட்டு முள்ளுக்கம்பி இழுத்திருப்பார், இடிச்சாலும் அசையாது. ஓடையைக் கடக்கிற துண்டை மட்டும் தனியாப் பின்னி, ஒரு பக்கத்தைக் கட்டையில பிணைச்சு, மற்றப் பக்கத்தைப் பழைய தும்புக்கயிறால முடிஞ்சு விடுவார். வெள்ளம் தள்ளினா கயிறு அறும், துண்டு கதவு மாதிரித் திறந்து கரையோட ஒதுங்கும். செத்தை குப்பை அடிச்சுக்கொண்டு போகும். மாடுகளும் அந்த வாயால சாஹுல் ஹமீட் நானாவின்ர வயல் மேட்டுக்கு ஏறித் தப்பிடும். தண்ணி வத்தினா திரும்பவும் ஒரு முடிச்சு, அவ்வளவுதான்.

முந்தின மாரியில அப்பிடி ஏறின மாடுகள் நானாவின்ர பயிரில அரை ஏக்கரை மேய்ஞ்சிட்டுதுகள். வயல் செய்யிற கமக்காரர் கூட்டத்தில நானா எழும்பி, கோவமே இல்லாத அந்த ஆறுதல் குரலில, "மில்ரன் தம்பி, ஊருக்கெல்லாம் கம்பி அடிக்கிறீங்க, உங்கட மாட்டை மறிக்க ஒரு கயிறுதானா?" எண்டார். எல்லாரும் சிரிச்சினம். பின்னுக்கிருந்து மாமாவைப் போல மூக்கை உறிஞ்சிக் காட்டினது நான்தான்.

அடுத்த கிழமை மாமா கயிறை அவிட்டு எறிஞ்சுபோட்டு, அந்தப் பக்கத்தையும் கம்பியால முறுக்கினார்.

போன கார்த்திகையில மூண்டு நாள் விடாத மழை. நாங்கள் போய்ப் பாக்க, முறிஞ்ச மரமும் செத்தையும் வேலியில அடைஞ்சு, பள்ளம் குளமாக் கிடந்தது. வேலி அசையேல்லை. மாடுகள் பழக்கத்தில அந்த வாய்க்குத்தான் போய், கம்பியோட கம்பியா நெரிஞ்சு நிண்டதுகள். மாமா குறட்டோட கழுத்தளவு தண்ணிக்குள்ள இறங்கினார். நாலு வரிக் கம்பியில ரெண்டைத்தான் வெட்ட முடிஞ்சுது. கை கிழிஞ்சு தொங்க நாங்கள் அவரை இழுத்துக் கரையேத்தினம். மிஞ்சினது மூண்டு மாடு.

காயம் பழுத்து, காய்ச்சலோட மன்னார் ஆசுபத்திரியில கிடந்தார். நானா ஒரு பை தோடம்பழத்தோட வந்து கதிரையில இருந்தார். என்ன கதைக்கிறதெண்டு தெரியாமல், "அந்த வெள்ளத்துக்கும் உங்கட வேலி ஒரு கட்டை சாயல்ல, தம்பி" எண்டார்.

மாமா மூக்கை உறிஞ்சேல்லை, குரலை இழுக்கேல்லை. அவர் கடைசியாக் கதைச்சது இதுதான், ரெண்டாம் நாள் செத்துப் போயிட்டார். அவற்ற மற்றக் கதையெல்லாம் அவரைப் போலவே சொல்லிக் காட்டுவன், இதை ஏலாது:

"சாஞ்சிருக்கோணும், நானா. சாஞ்சிருந்தா என்ர மாடுகள் உங்கட வயலுக்குள்ள நிண்டிருக்கும், நீங்கள் இண்டைக்கு என்னோட சண்டை பிடிக்க வந்திருப்பீங்கள்."