படையலில் வைத்த தொதல்

தீபாவளி நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேத்தி தன் போனில் ஒரு படம் போட்டாள். நானும் மகளும் அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தோம். வெளிநாட்டுப் படம். பேச்சு புரியவில்லை, பேத்திதான் சொல்லிக்கொண்டு வந்தாள். காதலித்தவள் விட்டுப் போய்விடுகிறாள். வேதனை தாங்காமல் அவன் ஏதோ மெஷினில் தலையைக் கொடுத்து, அவள் நினைப்பை முழுசாக அழித்துவிடுகிறான். ஆனால் மறுநாளிலிருந்து தேத்தண்ணி ஊற்றும்போதெல்லாம் இரண்டு கோப்பையில் ஊற்றுகிறான். யாருக்கென்று அவனுக்கே தெரியவில்லை.

"லூசு," என்றேன். இந்த மாதிரிப் படத்துக்கெல்லாம் கண்கலங்குகிறவள் இல்லை நான்.

மகள் சிரித்தாள். "நீங்க மட்டும் என்னாவாம்? அப்பா இனிப்புன்னா மூஞ்சத் திருப்பிக்குவாரு. வருஷா வருஷம் அவரு படையல்ல தொதல் வைக்கிறீங்க."

"அம்மாயியையும் மெஷின்ல போட்டுட்டாங்க போல," என்றாள் பேத்தி.

தீபாவளிக்கு முந்தின நாள், செத்தவர்களுக்குப் பிடித்ததை இலையில் வைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். ஒரு வருஷமும் நான் விட்டதில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் எந்த வீட்டுப் படையலும் என் படையலுக்கு ஈடாகாது என்று எனக்கு ஒரு பெருமை. தொதல் வைக்காவிட்டால் இலை நிறையாது எனக்கு. ஏன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்றைக்கு யோசித்தேன். பதுளைக் கடைத்தெருவில் தொதல் வாங்கி, நான் கொழுந்து பறிக்கும் மலைக்குக் கொண்டுவந்து, பாதியைக் கடித்துவிட்டு மீதியை எனக்கு நீட்டியவர் என் புருஷன் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் மேல் லயத்தில் இருந்தவர். குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டவர். அவரை அப்போதே மறந்துவிட்டேன் என்றுதான் இத்தனை காலமும் தலைநிமிர்ந்து நடந்தேன். புருஷன் பெயரைச் சொல்லிச் சூடம் கொளுத்தி, யாருக்கு இலை போட்டிருக்கிறேன்?

"அப்ப யாருக்குத்தான் தொதல் பிடிக்கும்?" என்று மகள் சும்மா கேட்டாள்.

"எனக்குத்தான்."

படைத்த தொதலில் நான் ஒரு துண்டும் தின்றதில்லை. அது அவளுக்கும் தெரியும்.

படம் முடியுமுன் எழுந்து அடுப்படிக்குப் போனேன். இந்த வருஷமாவது சரியாகப் படைக்க வேண்டும். ஆனால் என் வீட்டுக்காரர் எதை விரும்பித் தின்றார் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. போட்டதைத் தின்பார், தட்டைக் கழுவி வைப்பார். அதுதான் ஞாபகம். பின்னாலேயே வந்த மகளிடம் வேறு வழியில்லாமல் கேட்டேன்.

"அப்பாவுக்கு என்னாதான் பிடிக்கும்?"

"சுட்ட கருவாடும் ரொட்டியும்," என்றாள், கொஞ்சமும் யோசிக்காமல். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "இதையாம்மா எங்கிட்ட கேக்குறீங்க?"

அடுப்பு நன்றாகத்தான் எரிந்தது. இருந்தும் நான் குனிந்து ஊதிக்கொண்டே இருந்தேன்.